ஆயரின் சீப்பும் மரியதாசின் முள்ளும்

ஜெர்மனியில் டிராம் கதவு தானாகத் திறக்காது. அதில் ஒரு பொத்தான் இருக்கும். இறங்க விரும்புகிறவர் அதை அழுத்த வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எசன் நகரில் மகள் வீட்டுக்கு வந்த மறுநாள் தனியாகப் புறப்பட்ட நான், இறங்க வேண்டிய இடத்தில் கோட்டும் குல்லாயுமாகக் கதவின் முன்னால் மரியாதையோடு நின்றேன். வண்டி நின்றது. நானும் நின்றேன். வண்டி புறப்பட்டது. அடுத்த நிறுத்தத்திலும் இதே நடைமுறை பின்பற்றப்பட்டது. கடைசியில் ஒரு பெண்மணி என் தோளுக்கு மேலால் கையை நீட்டிப் பொத்தானை அழுத்திவிட்டு ஏதோ சொன்னாள். அந்த ஒலிகளை வீட்டுக்கு வந்து மகள் ராஜினியிடம் ஒப்புவித்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கதவோட கதைச்சுக்கொண்டு நிக்கிறீரோ எண்டு கேட்டிருக்கிறா அப்பா."

ஒலிகளை அப்படியே ஒப்புவிப்பது என் தொழிலாக இருந்தது. யாழ்ப்பாணத்து நீதிமன்றங்களில் முதலியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதலியார் என்பது அங்கே சாதியல்ல, உத்தியோகம். சாட்சி தமிழில் சொல்வதை நீதவானுக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். நீதவான் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். சாட்சி பொய் சொன்னால் பொய்யையே பிசகாமல் சொல்ல வேண்டும். எந்த மனுவுக்கு எத்தனை பிரதி, எந்த முத்திரை எந்த மூலையில் என்பதெல்லாம் இன்னும் எனக்கு மனப்பாடம். நான் ஓய்வு பெறும் காலத்தில் நீதிமன்றம் திறந்திருந்த நாட்களைவிடப் பூட்டியிருந்த நாட்களே அதிகம். ஆகவே எண்பத்தாறு தை மாதக் கடைசியில், பேரப்பிள்ளையைப் பார்க்கும் சாக்கில், நடைமுறைகள் இன்னும் உயிரோடிருக்கும் ஒரு நாட்டைப் பார்க்க வந்தேன்.

நாடு ஏமாற்றவில்லை. குப்பைக்கே இங்கே நடைமுறை உண்டு. சாப்பாட்டில்தான் சிறு சிக்கல். நான் சைவம். நகர நடுவில் ஓர் உணவுக்கடையில் மருமகன் எனக்காகக் காய்கறி சூப் சொன்னார். படிக்க வந்து, பொறியியலாளராக வேலையும் எடுத்துக்கொண்டு தங்கிவிட்டவர். மொழி சுத்தமாகப் பேசுவார். ஆனாலும் வந்த கோப்பையில் பட்டாணிக்கு நடுவே இளஞ்சிவப்பாகச் சில துண்டுகள் மிதந்தன. பரிமாறிய பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். "இறைச்சியா? இது இறைச்சியல்லவே. பன்றிக்கொழுப்பு. ருசிக்குப் போடுவது." வரைவிலக்கணம் இவ்வளவு தெளிவாக இருந்தால் வழக்கே எழாது. பாண் என்று நாங்கள் சொல்லும் ரொட்டியை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன். அவர்களுடைய பாண் நல்ல பாண் என்பதைப் பக்கச்சார்பின்றிப் பதிவு செய்கிறேன். என் வயதில் ஒருவர் அதன் தோலை மென்று முடிக்கும்வரை எந்தச் சம்பாஷணையிலும் கலந்துகொள்ளத் தேவையில்லை.

சனிக்கிழமை ராஜினி பழைய கோட்டுகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு அகதிகள் விடுதிக்குப் போனாள். நானும் கூடப் போனேன். 'ஹைம்' என்று எல்லோரும் சொல்லும் அந்த இடம், முன்பு சுரங்கத் தொழிலாளர் தங்கிய மூன்று மாடிக் கட்டிடம். எங்கள் பொடியன்கள் ஓர் அறைக்கு நால்வராக இருந்தார்கள். வேலை செய்யச் சட்டம் விடாது. நகர எல்லையைத் தாண்ட அனுமதி வேண்டும். விசாரணைத் திகதிக்காகக் காத்திருப்பதே அவர்களின் முழுநேர உத்தியோகம். அந்தத் திகதியை 'டெர்மின்' என்றார்கள். அன்று ஒவ்வொருவரும் ஓர் அதிகாரியின் முன்னால் உட்கார்ந்து, ஏன் நாட்டைவிட்டு ஓடி வந்தோம் என்று வாயால் சொல்ல வேண்டும். அதிகாரி நம்பினால் இருக்கலாம். நம்பாவிட்டால் விமானம்.

யாழ்ப்பாணத்தானுக்கு முன்னால் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் கேள்வி கேட்கும் ஒருவர் என்றால், அது பரீட்சை. பரீட்சை என்றால் டியூசன். விடுதியின் நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்த அறையில், வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நடத்தியவர் சிவபாலன் மாஸ்டர். ஊரில் இரசாயனம் படிப்பித்தவர். அவருடைய தகரக் கொட்டகையில் இருந்து எத்தனையோ பிள்ளைகள் மருத்துவ பீடம் போயிருக்கிறார்கள். இங்கே அவரும் ஓர் அகதி விண்ணப்பக்காரர்தான். ஆனால் மாஸ்டரிடம் நாலு பேரைச் சேர்த்து விட்டால் ஐந்தாவது நிமிடம் வகுப்பு தொடங்கிவிடும்.

"கண்ணைக் கட்டினவங்களோ?"

"ஓம் மாஸ்டர்!"

"என்னத்தால?"

"கறுப்புத் துணியால!"

"பார், பார். போன மாசம் போன நாலு பேரும் கறுப்புத் துணிதான். ஒபிசருக்கு விசரே? நீர் நீலம் எண்டு சொல்லும். தம்பி, நீ சாரத்தைக் கிழிச்சுக் கட்டினவங்கள் எண்டு சொல்லு. மரியதாஸ், உன்னட்டைக் கேட்டா என்ன சொல்லுவாய்?"

பின்வரிசை வாங்கில், அதாவது கடைசி இயந்திரத்தின் மேல், அகன்ற தோளோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். கடற்கரைக்காரன், கத்தோலிக்கன். "என்ர கண்ணைக் கட்டேல்லை, மாஸ்டர்," என்றான்.

வகுப்பு சிரித்தது. மாஸ்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இவனுக்கு இன்னும் மூண்டு கிழமைதான் இருக்கு. டேய், உன்ர கண்ணைப் பற்றியே நான் கேக்கிறன்? விடையைச் சொல்லடா!"

நான் யாரென்று ராஜினி சொன்னதும் மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "முதலியார் ஐயாவே! கடவுள் அனுப்பின மாதிரி. எனக்கு ஒரு எக்சாமினர் இல்லாமல்தான் இருந்தது. ஐயா, குறுக்கு விசாரணை செய்து பாருங்கோ. இரக்கம் பார்க்க வேண்டாம்."

நான் இரக்கம் பார்க்கவில்லை. பத்து நிமிடத்தில் முதல் வரிசை முழுவதும் சரிந்தது. மரியதாசிடம், உம்மைப் பிடித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். "ஆறு," என்றான், பிறகு மாஸ்டரைப் பார்த்து, "ஆறோ, எட்டோ?"

"அது போன முறைப் பேப்பரடா!"

திரும்பும்போது அவன் வெறும் மூட்டைத் துணிகளை மடித்துக் கொண்டுவந்து காரில் வைத்தான். போகாமல் நின்றான்.

"ஐயா, உண்மையில நடந்ததைச் சொன்னால் என்ன?"

"என்ன நடந்தது?"

"நானும் மச்சானும் இன்னொரு ஆளும் வலை எடுத்துக்கொண்டு வரேக்க நேவிக்காரர் பிடிச்சவங்கள். முகாமுக்குக் கொண்டுபோய், எங்கட மீனை எங்களைக் கொண்டே சமைப்பிச்சாங்கள். முரல் மீன். சமைச்சு முடிய எங்களைத் திருப்பிக் கட்டிப்போட்டு, தாங்கள் இருந்து சாப்பிட்டாங்கள். அதில ஒருத்தன், மீசை முளைக்காதவன், அவசரப்பட்டு விழுங்கிப்போட்டான். முள்ளுக் குறுக்க நிண்டிட்டுது. மூச்சு வரேல்லை. முகம் கறுத்துப்போச்சு. மற்றவங்கள் முதுகில அடிக்கிறாங்கள், அடிக்க அடிக்க உள்ளுக்குப் போகுது. நான் கட்டை அவிழுங்கோடா எண்டு கத்தி, அவன்ர வாய்க்குள்ள கையை விட்டு இழுத்தெடுத்தன்."

"பிறகு?"

"பின்னேரம் பெரியவன் வந்து என்னை மட்டும் போ எண்டான். மற்ற ரெண்டு பேரும் வரேல்லை. இண்டைக்கும் வரேல்லை." கார்க் கதவைத் தடவிக்கொண்டே சொன்னான். "மச்சான் எண்டா பெண்சாதியின்ர அண்ணன். அவள் ஒரு கேள்விதான் கேட்டவள்: உன்னை மட்டும் ஏன் விட்டவங்கள்? ஊரும் அதைத்தான் கேட்டுது. பிறகு இயக்கப் பொடியள் வந்து கேட்டாங்கள். ரெண்டாம் முறையும் வந்தாங்கள். மூண்டாம் முறை வரமுந்தி வெளிக்கிட்டன்."

மேலே விளக்கம் தேவைப்படவில்லை. முகாமுக்குப் போய்த் தனியாகத் திரும்பி வந்தவனுக்கு அந்த நாட்களில் எங்கள் ஊரில் துரோகி என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை மட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டுவார்கள். ஆள் தெரு விளக்குக் கம்பத்தில் நிற்பான், தலையைத் தொங்கப் போட்டபடி.

"மாஸ்டரிட்டைச் சொன்னீரோ?"

"சொன்னனான். முள்ளுக் கதைக்குச் சிரிப்பாங்களாம். நேவி விட்டவன் எண்டா கேஸே முடிஞ்சுதாம்."

மாஸ்டர் தன் பாடத்தை அறிந்தவர்தான். அதை அப்போது நான் ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்த கிழமை, எங்கள் கணக்கில் மாசி என்னும் பெப்ரவரி பிறந்து மூன்றாம் நாள், விடுதிக்கு அடுத்த தெருவிலிருந்த கத்தோலிக்கக் கோயிலில் புனித பிளாசியுஸ் திருநாள். பங்குப் பாதிரியார் விடுதிக்காரர் எல்லோரையும் அழைத்திருந்தார். பூசைக்குப் பின் காப்பியும் கேக்கும் உண்டு என்பது பரவியதால் சைவர்கள் கத்தோலிக்கரைவிடப் பக்தியோடு முன்வரிசையில் இருந்தார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேதபாடத்துக்குப் பரிசு வாங்கிய சைவன் என்ற தகுதியில் நானும் இருந்தேன்.

பூசை முடிந்ததும் ஒரு வினோதமான சடங்கு. எல்லோரும் வரிசையில் போக வேண்டும். பாதிரியார் இரண்டு நீண்ட மெழுகுதிரிகளைக் கத்தரிக்கோல் போலப் பிணைத்து, ஒவ்வொருவரின் தொண்டையிலும் வைத்து ஆசி சொல்கிறார். தொண்டை நோயிலிருந்தும் மற்ற எல்லாத் தீமையிலிருந்தும் ஆயரும் மறைசாட்சியுமான பிளாசியுஸ் காப்பாராக. எனக்கு முன்னால் நின்ற கனத்த ஜெர்மன்காரர் ஒருவர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தி, மேற்பொத்தானைக் கழற்றி, சவரக்காரனிடம் நீட்டுவதுபோலத் தொண்டையை நீட்டினார். வருடாவருடம் பழக்கப்பட்ட தொண்டை.

காப்பி மண்டபத்தில் பாதிரியார் எங்கள் மேசைக்கு வந்து ஆயரின் வரலாற்றைச் சொன்னார். ராஜினி மொழிபெயர்த்தாள். பிளாசியுஸ் ஆர்மேனியாவில் செபாஸ்தே என்ற ஊரில் வைத்தியராக இருந்து ஆயராக, அதாவது பிஷப்பாக, ஆனவர். கிறிஸ்தவர்களைத் தேடிப் பிடிக்கும் காலம் வந்தது. மந்தையைவிட்டு மலைக்குகையில் போய் ஒளித்தார். இதை இன்று உள்நாட்டு இடப்பெயர்வு என்பார்கள். குகைவாசலில் காயப்பட்ட சிங்கமும் கரடியும் வரிசையாக நின்று வைத்தியம் பார்த்துக்கொண்டன. ஆளுநரின் வேட்டைக்காரர் வரிசையைக் கண்டு சந்தேகப்பட்டுப் பின்தொடர்ந்தார்கள். வரிசை என்பது எந்தக் காலத்திலும் அதிகாரிகளின் கண்ணை உறுத்தும்.

"அவரைப் பிடிச்சுக்கொண்டு போற வழியில," என்றாள் ராஜினி, "ஒரு தாய் தன்ர மகனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவவாம். மீன் முள்ளு தொண்டையில இறுகிச் சாகப்போற பிள்ளை. ஆயர் விலங்கோட நிண்டு செபிச்சு, முள்ளை எடுத்து..."

மரியதாசின் கேக் வாய்க்குப் போகும் பாதையில் நின்றுவிட்டது. என் பக்கம் குனிந்தான். அவனுடைய ஊர்க் கோயில் அந்தோனியாருடையது. பிளாசியாரை அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறான்.

"ஐயா, இது என்ர கதையெல்லோ?"

"உம்மைவிட ஆயிரத்தறுநூறு வருஷம் மூத்த கதை," என்றேன். "இனி நீர் சொன்னால் களவெடுத்தது எண்டுதான் நினைப்பாங்கள்."

பாதிரியார் தொடர்ந்தார். முள் எடுத்த அதிசயத்தைக் கண்ட காவலர்கள் ஆயரை விட்டுவிடவில்லை. ஆளுநரிடம் கொண்டுபோனார்கள். கம்பளி சீவும் இரும்புச் சீப்பால் உடம்பைக் கிழித்தார்கள், ஏரியில் தள்ளினார்கள், கடைசியில் தலையை வெட்டினார்கள். மண்டபத்து மூலையில் நின்ற ஆயரின் மரச் சிலையின் கையில் அந்தச் சீப்பு இருந்தது. பல்லுப் பல்லாக, பார்க்கவே தோல் கூசும்.

இந்த வரலாறு ஆயர் இறந்து சில நூறு வருடங்களுக்குப் பிறகே எழுதப்பட்டது என்றும், எழுதியவர்கள் மற்றப் புனிதர்களின் சித்திரவதைகளை இரவல் வாங்கியிருக்கலாம் என்றும் பாதிரியார் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். நல்ல மனிதர். சாட்சிக்கூண்டில் நிற்கத் தகுந்தவர். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. கேக்கைத் தள்ளி வைத்துவிட்டுச் சிலையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை வகுப்பில் விளைவு தெரிந்தது. மரியதாசின் மாதிரி விடையில் இரும்புச் சீப்பு ஏறியிருந்தது.

"மாஸ்டர், என்ன இது?"

"புதுச் சாமான், ஐயா. ஒயர், பைப், மிளகாய்த்தூள் எல்லாம் கேட்டுக் கேட்டு இவங்களுக்குக் காது புளிச்சுப்போச்சு. சீப்பை ஒருத்தரும் சொல்லேல்லை."

"இந்த நாட்டில ஒவ்வொரு குழந்தையும் வருஷா வருஷம் கேக்கிற கதையல்லோ!"

"கோயில் வேற, ஒபிஸ் வேற, ஐயா."

"தழும்பைக் காட்டச் சொன்னால்?"

மாஸ்டர் யோசித்தார். பரீட்சை மண்டபத்தில் யாரும் மாணவனின் சட்டையைக் கழற்றிப் பார்த்ததில்லை. "மாறிப்போச்சு எண்டு சொல்லட்டும்," என்றார். "பெயில் விட்டால் இவனைத்தான் ஏத்தி அனுப்புவாங்கள், ஐயா. உங்களையில்லை. எனக்கும் அவனில பாசம் இருக்கு."

அது உண்மை. அதனால்தான் மாஸ்டர் தந்ததை மரியதாஸ் ஏற்றுக்கொண்டான். ஆயரின் வாழ்க்கையில் அவனுக்கும் உண்மையாகவே நடந்த முள்ளை மாஸ்டர் வெட்டிவிட்டு, நடக்காத சீப்பை ஒட்டியிருந்தார். அவன் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து உதடசைத்துப் பாடமாக்கிக்கொண்டிருந்தான். "இரும்புச் சீப்பு. முதுகில. மூண்டு தரம். இரும்புச் சீப்பு..."

விசாரணை அலுவலகம் வேறு நகரத்தில் இருந்தது. துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம், அவர் குறுக்கே பேசக் கூடாது என்பது விதி. அந்தத் துணையாக நான் போனேன். ரயில் கதவை நானே அழுத்தித் திறந்து மரியதாசை வியக்க வைத்தேன். பெருமை நீடிக்கவில்லை. வழியில் ஒரு நிலையத்தில் வண்டி இரண்டாகப் பிரியும். முன்பாதி ஓர் ஊருக்கும் பின்பாதி இன்னோர் ஊருக்கும் போகும். எங்கள் யாழ்தேவி எத்தனை மணித்தியாலம் பிந்தினாலும் முழுசாகத்தான் பிந்தும். நாங்கள் இருந்தது பின்பாதி. எதிரே பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர் எங்கள் சீட்டைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "நீங்கள் போக வேண்டிய ஊர் அதோ போகிறது." ஜன்னலால் பார்த்தோம். போய்க்கொண்டுதான் இருந்தது.

திரும்பி வந்து சேர்ந்தபோது பிந்திவிட்டது. அதிகாரி கோபிக்கவில்லை. நரைமீசைக்காரர், காகிதத்தில் சுற்றிய பாணைக் கடித்துக்கொண்டிருந்தவர் மேசை லாச்சியை இழுத்து அதற்குள் வைத்துவிட்டு உட்காரச் சொன்னார். மொழிபெயர்க்க வந்திருந்தவன் மெட்ராஸ் பையன், பல்கலைக்கழக மாணவன். "டென்ஷன் ஆகாதீங்க சார், நான் பாத்துக்கறேன்," என்றான்.

மரியதாஸ் மாதிரி விடையை ஒப்புவிக்கத் தொடங்கினான். ஆறு பேர். நீலத் துணி. இருட்டு அறை. குரலில் உப்பும் இல்லை, புளியும் இல்லை. பிறகு சீப்பு வந்தது. மொழிபெயர்ப்பைக் கேட்டதும் அதிகாரியின் பேனா நின்றது. அவர் தலை நிமிர்ந்து மரியதாசைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, களைப்பு இருந்தது.

"தழும்பு இருக்கிறதா?"

நான் சுவரைப் பார்த்தேன். பிறகு மரியதாஸ் மேசைமேல் வலது கையை மலர்த்தி வைத்தான். இரண்டு விரல்களின் அடியில் அரைவட்டமாகப் பல் பதிந்த வடு.

"இது என்ன?"

"நேவிக்காரன் கடிச்சது."

"ஏன் கடித்தான்?"

"அவன்ர வாய்க்குள்ள நான் விரலை விட்டனான்."

"நீர் ஏன் அவன் வாய்க்குள் விரலை விட்டீர்?"

இதற்கு மாஸ்டரிடம் விடை இருக்கவில்லை. ஆகவே மரியதாஸ் நடந்ததைச் சொன்னான். காரடியில் என்னிடம் சொன்னதை, அதே ஒழுங்கில், ஆனால் கூடச் சில விஷயங்களோடு. சமைத்த சட்டியில் உப்புக் காணாதென்று அந்த நேவிப் பொடியன் சொன்னதையும் சொன்னான். மச்சான் கட்டோடு கிடந்தபடி, 'டேய், அவனைச் சாகவிடாத' என்று கத்தியதையும் சொன்னான். சீப்புப் பொய் என்றும், அது மாஸ்டர் தந்தது என்றும்கூடச் சொல்லிவிட்டான்.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். "சிறுவயதில் ஒவ்வொரு வருடமும் அம்மா என்னைக் கழுத்தில் மெழுகுதிரி வைக்கக் கூட்டிப்போவாள்," என்றார். "முதலில் ஆயரின் சீப்பைச் சொன்னீர். இப்போது ஆயரின் முள்ளைச் சொல்கிறீர். எதை நம்புவது? முள்ளைக் கையில் எடுத்தீரல்லவா? எப்படி இருந்தது சொல்லும்."

"இவ்வளவு நீளம். பச்சை."

மொழிபெயர்ப்புப் பையன் தயங்கினான். "மீன் முள்ளு எங்கயாவது பச்சையா இருக்குமாண்ணே? ரத்தம் கித்தம் பட்டிருக்கும். நான் ஒயிட்னு சொல்லிடறேன், இல்லேன்னா சிரிப்பாங்க." நல்ல மனசோடுதான் சொன்னான். அதிகாரியின் பக்கம் திரும்பி அப்படியே சொல்லியும் விட்டான்.

விதி எனக்குத் தெரியும். விதியை மற்றவர்களுக்குப் படிப்பித்தவன் நான். முரல் மீனின் முள் என்ன நிறம் என்பதுதான் எனக்குத் தெரியாது. பிறந்த நாளிலிருந்து சைவம். ஆனால் முதலியாரின் வேலை உண்மையைச் சொல்வதல்ல, சொன்னதைச் சொல்வது. கையை உயர்த்திவிட்டு ஆங்கிலத்தில் சொன்னேன்: "ஐயா, அவர் பச்சை என்று சொன்னார்."

அதிகாரி என்னைப் பேசாதிருக்கும்படி எச்சரித்தார். அது சரியே. பிறகு பையனைப் பார்த்தார். பையன் காதுவரை சிவந்து, ஆமாம், பச்சைதான் என்றான்.

"பச்சையா?" என்றார் மரியதாசிடம்.

"ஓம் ஐயா. முரலுக்கு முள்ளுப் பச்சைதானே."

"அம்மா சொன்ன கதையில் அது என்ன மீன் என்று ஒருநாளும் வந்ததில்லை," என்றார் அவர். எழுதத் தொடங்கினார்.

மறு சனிக்கிழமை நிலவறையில் என் காதில் என்ன விழுந்தது என்று ஊகிப்பது கடினமல்ல. "கேள்வி: முகாமில் என்ன நடந்தது? விடை: ஒரு சிப்பாய்க்குத் தொண்டையில முள்ளு." முதல் வரிசை கோரஸாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒருவனுக்குத் திருக்கை, ஒருவனுக்குக் கும்பளா. ஒருவன் சைவமென்பதால் அவனுக்கு முருங்கைக்காய்ச் சக்கை. வரலாறுகள் எப்படி எழுதப்படுகின்றன என்பதைப் பாதிரியார் சொல்லக் கேட்டேன். மாஸ்டர் செய்து காட்டினார்.

"இப்பிடி நாலு பேர் சொன்னால் இவன்ர உண்மையும் பொய்யாப் போயிடும், மாஸ்டர்!"

"ஐயா, பாஸ் பண்ணப்போற விடையை மற்றப் பிள்ளையளுக்குக் குடுக்கிறதுதானே முறை?"

பாஸ் பண்ணவில்லை. பங்குனிக் கடைசியில் முடிவு வந்தது. வழக்கறிஞர் பெண்மணி ஒருவர் அதை வாசித்துக் காட்ட, ராஜினி சொன்னாள். விண்ணப்பக்காரர் முகாமில் நடந்ததாகக் கடைசியில் கூறியது முழுவதும் நம்பத்தக்கது. அவர் கூற்றுப்படியே அரசின் படையினர் அவரைத் துன்புறுத்தவில்லை, நன்றியோடு விடுவித்திருக்கிறார்கள். ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

எவ்வளவு ஒழுங்கான தீர்ப்பு. குறை சொல்ல ஓரிடமில்லை. ஆயரைக் கொண்டுபோன காவலர்களும் முள்ளைக் கண்ணால் கண்டவர்கள்தான். நம்பாமல் கொண்டுபோகவில்லை, நம்பிக்கொண்டேதான் கொண்டுபோனார்கள்.

மரியதாஸ் ஒன்றுதான் கேட்டான். "நான் சொன்னதை நம்பிப்போட்டாங்களோ, அக்கா?"

"முழுக்க நம்பியிருக்கினம்," என்றாள் ராஜினி.

"மச்சான் கத்தினதையும்?"

"அதையும்."

அவன் தலையை ஆட்டினான். அவன் சொன்னதை நம்பிய முதல் ஆள் அவனை நிராகரித்த ஆள்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெண்சாதியும் நம்பவில்லை, ஊரும் நம்பவில்லை.

வழக்கறிஞர் சோர்ந்துபோனவராகத் தெரியவில்லை. நடந்தது நடந்ததுதான் என்று எழுத்தில் ஒத்துக்கொண்டாயிற்று. மேல்முறையீட்டில் அதை மீண்டும் நிரூபிக்க வேண்டியதில்லை. அந்த இருவர் ஏன் திரும்பவில்லை, தனியே திரும்பியவனுக்கு ஊரில் என்ன காத்திருக்கிறது என்பதை மட்டும் வாதாடலாம் என்றார். வெல்வது நிச்சயமில்லை. நீதிமன்றம் கூப்பிடும்வரை அவன் இருக்கலாம். கூப்பிட வருடங்கள் ஆகலாம். தாமதத்தையும் ஒரு நிவாரணமாகக் கருதும் வழக்கம் எங்கள் நீதிமன்றங்களுக்கு மட்டுமே உரியதல்ல என்று அறிந்து ஆறுதலடைந்தேன்.

மாஸ்டர் அன்றைக்கே முள்ளை எல்லா மாதிரி விடைகளிலிருந்தும் எடுத்துவிட்டார். "பெயில் விட்ட விடை," என்றார் சுருக்கமாக. இப்படியாக, தோற்றதனால் மரியதாசின் கதை மரியதாசிடமே தங்கியது.

என் விசாவை நடைமுறைப்படி ஒருமுறை நீட்டிக்கொண்டேன். புறப்படுவதற்கு முதல் ஞாயிறு, வைகாசி மாதம், மரியதாஸ் எங்களை விடுதிக்குச் சாப்பிட அழைத்தான். சந்தையில் மீன்காரன் பெட்டியில் நீளமூக்கோடு ஒன்றைக் கண்டு, அதன் முன்னாலேயே நின்றுவிட்டானாம். இங்கே அதற்கு வேறு பெயர். வடக்குக் கடலிலிருந்து வசந்த காலத்தில் வருமாம். அவனுக்கு அது முரல்.

எனக்குப் பருப்பும் கிழங்குப் பொரியலும் தனிச் சட்டியில். மற்றவர்களுக்கு மீன் குழம்பு. மாஸ்டரும் வந்திருந்தார், அவருடைய சொந்த டெர்மின் அடுத்த கிழமை. ராஜினி தன் தட்டில் ஒரு துண்டைப் பிரித்தாள். வெள்ளைச் சதைக்கு நடுவே முள் வெளியே வந்தது. பச்சை. வெளிறின பச்சையல்ல, குளத்துப் பாசியின் பச்சை. நான் எழுந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல இருந்தது. அதற்கு விதியில் இடமில்லை.

"இப்ப சொல்லுங்கோ மாஸ்டர்," என்றேன். "அடுத்த கிழமை நீங்கள் என்ன சொல்லப் போறீங்கள்?"

மாஸ்டர் சோற்றைப் பிசைந்தார். ஆயரின் வரலாற்றை எழுதியவர் அங்கே இருந்திருந்தால், சரியாக அந்த இடத்தில் மாஸ்டரின் தொண்டையில் ஒரு பச்சை முள் குறுக்கே நின்றிருக்கும். மரியதாஸ் எழுந்து ஓடியிருப்பான். மாஸ்டர் பிழைத்தெழுந்து, இனிப் பொய்யே படிப்பிப்பதில்லை என்று சத்தியம் செய்திருப்பார். நானும் பருப்பை அள்ளிய கையோடு கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. மாஸ்டர் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கினார், ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய் அடுக்குவதுபோல. பிறகு தட்டை நீட்டி, "நல்ல மீன். இன்னொரு துண்டு போடு," என்றார்.

மரியதாஸ் போட்டான். தன் தட்டை அவன் இன்னும் தொடவில்லை. அடுப்படியில் நின்றபடி மாஸ்டரின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மெள்ளச் சாப்பிடுங்கோ, மாஸ்டர்," என்றான்.